மாப்பிள்ளைக்கு எந்த நாட்டுக் கார்?

மெக்கானிக் தொழிலில் வண்டியைப் பழுது பார்ப்பது சுலபம், "எந்த நாட்டு வண்டி நல்லது?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதில்தான் உயிர் போகிறது. காரை வாங்கி அவதிப்படும் சகாக்களே, என்னை அப்படிக் கேட்டவர் என் தங்கை கணவர் வேலு. கும்மிடிப்பூண்டியில் பிரேக் பேட் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருடம் இருந்தவர். வேலையை விட்டபோது வந்த பணம் மொத்தத்தையும் ஒரு பழைய காரில் போட்டு, வாடகைக்கு ஓட்டப்போகிறாராம். வண்டி காலை வாரினால் தங்கை வீட்டில் அடுப்பு எரியாது. அவரோ கவரைப்பேட்டையில் என் ஷெட்டில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளையெல்லாம் பெண் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஜெர்மனி

ஊத்துக்கோட்டை அரிசி வியாபாரியின் கார். எஞ்சின் தங்கம், குணம் ஹெட்மாஸ்டர். முன் சீட்டில் அரிசி மூட்டையை வைத்திருக்கிறார்; பெல்ட் போடச் சொல்லி வழியெல்லாம் கத்தியிருக்கிறது. மூட்டைக்கு பெல்ட் மாட்டியே கொண்டுவந்தார்.

"இதுக்கு மேல இன்னா, மூட்டைக்கு ஆதார் கேக்குமா?"

கொரியா

உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. திரை, பாட்டு, திறக்கிற கூரை எல்லாம் உண்டு. ஒரு மழையில் அந்தக் கூரை சிக்கிக்கொள்ள, வாத்தியார் ஒருவர் தொப்பலாக நனைந்து வந்து இறங்கினார்.

"தொறக்கும்னுதான் சார் காட்னாங்க. மூடுமான்னு நான் கேக்கல."

நம்ம நாடு

எளாவூர் டிரைவரின் வண்டியில் ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும். ஆனால் எந்த ஊரிலும் யாராவது ஒருவர் ஸ்பேனரோடு வந்துவிடுவார். சத்தத்தை நிறுத்தித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் நைனா. சத்தம் நின்னாதான் பேஜாரு. இன்னா கயண்டு உய்ந்துச்சோன்னு எறங்கிப் பாக்கணும்."

ஜப்பான்

கடைசியில் ஒரு பழைய ஜப்பான் காரைக் கைகாட்டினேன். பேசாது, படுக்காது, பிரேக் பேட் மட்டும் தேய்ந்திருந்தது. "ஒரிஜினல் ஜப்பானே போடு" என்று வேலு ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் கார் கம்பெனியின் ஒரிஜினல் டப்பாவையே வரவழைத்துப் பிரித்தேன். உள்ளே இருந்தது கும்மிடிப்பூண்டி சரக்கு. அவர் கம்பெனி, அவர் வேலை பார்த்த அதே லைன். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ மச்சான், இது வேணாம்! நாங்க இன்னா லட்சணத்துல செஞ்சோம்னு எனக்குத்தான் தெரியும்!"

வேறு வழியில்லாமல் அதையே மாட்டினேன். ஒன்றரை வருடமாக வண்டி சொன்ன இடத்தில் நிற்கிறது, தங்கை வீட்டில் அடுப்பும் எரிகிறது, அந்த பிரேக்கைச் செய்த மனுஷர் மட்டும் ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னாலும் இன்னும் சாமி கும்பிடுகிறார்.