ரப்பி பாய்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் தமீம் அன்சாரியிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பாய்லர் கொட்டகைக்குப் பின்னால், செல்போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடத்தில், காலி டீசல் பீப்பாய் மேல் ஒரு காலை ஏற்றி வைத்துக்கொண்டு பம்பாய்க்குப் பேசிக்கொண்டிருப்பார். அந்த வாரத்துச் சந்தேகங்களையெல்லாம் அங்கே சூரியன் விழுவதற்குள் கேட்டு முடித்தாக வேண்டும். விழுந்துவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் சனிக்கிழமை இருட்டும்வரை போனைத் தொடமாட்டார். கும்மிடிப்பூண்டியில் சூரியன் எத்தனை மணிக்கு அடங்குகிறது என்பதைப் பள்ளிவாசல் சொல்லிவிடும். பம்பாய்ச் சூரியனைத் தமீம் பாய் தாமே பாடம் செய்து வைத்திருக்கிறார், நிமிஷக் கணக்கோடு.

சிப்காட் பேட்டையில் மிளகு, மிளகாய், மஞ்சள் ஆகியவற்றிலிருந்து சாறு இறக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற தொழிற்சாலை ஒன்றில் அவர் ஷிப்டு சூப்பர்வைசர். வாங்குகிறவர்கள் 'கோஷர்' சான்றிதழ் கேட்கிறார்கள். யூதர்கள் உண்ணத் தகுந்த பொருள், தகுந்த முறையில் செய்தது என்பதற்கான சான்றிதழ் அது. அதற்கென்று ஒரு பதிவேடு உண்டு. அதை யார் தலையில் கட்டுவது என்று நிர்வாகம் யோசித்தபோது யாரோ சொன்னார்கள், "பாய்க்கு ஹலால் தெரியும், இதுவும் அந்த மாதிரிதான்." இரண்டும் ஒன்றல்ல என்று கண்டுபிடிக்க அவருக்கு ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் ருசி கண்டுவிட்டார். யூத குருவுக்கு ரப்பி என்று பெயர். ஆகவே பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸும் பொன்னேரியிலிருந்து ரயிலுமாக வந்து சேர்கிற இந்த மனிதருக்கு, தொழிற்சாலை முழுக்க 'ரப்பி பாய்' என்று பெயர்.

அவர் மேஜைக்கு மேலே பொன்னேரி நகைக்கடைக் காலண்டரும் யூத மாதங்களின் ஒற்றைத் தாளும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. எந்தத் தேதிக்கு எந்தப் பண்டிகை என்று டீ நேரத்தில் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

"எட்டு நாளு கீத்துக் கொட்டா போட்டு அதுலதான் துன்னணும். அவங்க பாலைவனத்துல அலைஞ்ச ஞாபகத்துக்கு. கூரை இருக்குது பாரு, அது வழியா நட்சத்திரம் தெரியணும்."

"எங்க ஊட்ல வருசம் பூரா தெரியுது பாய்," என்றார் பேக்கிங் பிரிவு சின்னதுரை. "சர்டிபிகேட்டு குடுப்பாங்களா?"

"மழை பேஞ்சா உள்ள போய்க்கலாம்னு சட்டம் இருக்குது."

"எந்த உள்ள?"

தமீம் பாய் அதை மறுவெள்ளியன்று பம்பாய்க்குப் போன் போட்டு உண்மையாகவே கேட்டார். 

புறம் பேசுவது கொலைக்குச் சமம் என்று அவர்கள் வேதப் பெரியவர்கள் சொல்லியிருப்பது இவருக்கு மிகவும் பிடித்த சங்கதி. "ஒருத்தனப் பத்தி தப்பா பேசினா மூணு பேரு காலி. பேசினவன், கேட்டவன், எவனப் பத்திப் பேசினானோ அவன்." இதைச் சொல்லி முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். "சரி, அத்த உடு. ஸ்டோர்ஸ்காரன் சங்கதி தெரியுமா?"

இத்தனைக்கும் வீட்டில் இவர் ஒரு தம்ளரைக் கழுவிவைத்ததாக வரலாறு இல்லை. மனைவி ஜெய்னம்பு தொழிற்சாலை ஆண்டு விழாவுக்கு ஒருமுறை வந்தவர், சாறு காய்ச்சுகிற ஆளுயர எஃகுச் சட்டிக்குள் இவர் டார்ச் அடித்துக் காட்டியதைப் பார்த்துவிட்டு, "பெருநாளைக்கு ஒட்டடை அடிக்கச் சொன்னா இடுப்பு புடிச்சிக்குது. இங்க இன்னாடான்னா சட்டிக்குள்ள எறங்கித் தேய்க்கிறாரு மனுசன்," என்று மேனேஜர் காதில் விழும்படியாகவே சொன்னார்.

சட்டிக்குள் இறங்கித் தேய்ப்பது பெசாக் பண்டிகைச் சரக்குக்காக. பண்டிகை ஏப்ரல் வாக்கில்தான், ஆனால் சரக்கு ஜனவரியிலேயே கப்பல் ஏற வேண்டும். தமீம் பாய் அதற்குச் சொல்லும் விளக்கம் சுருக்கமானது. "மூஸா நபி சனங்களக் கூட்டிக்கினு எகிப்துலேந்து அவசரமா கெளம்பினாரு. மாவு புளிக்க டைம் இல்ல. அதனால அந்தப் பண்டிகைக்குப் புளிச்ச மாவு வாசனகூட ஆவாது. நம்ம போகி மாதிரி ஊட்டையே பொரட்டிப் போட்டுத் தேய்ப்பாங்க." வீட்டுக்கு உள்ள விதி சட்டிக்கும் உண்டு. தேய்த்துக் கழுவியபின் இருபத்துநாலு மணி நேரம் அது சூடேறாமல் கிடக்க வேண்டும். அப்புறம் யூத ஆய்வாளர் முன்னிலையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, விளிம்பைத் தாண்டிப் பொங்கி வழியவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் சரக்கு.

அந்த வருஷம் போகி ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் திங்கட்கிழமையும் வந்தன. வெள்ளிதோறும் போனில் பதில் சொல்கிற பம்பாய் ஆய்வாளர் பெஞ்சமின் பேன்கர் வெள்ளிக்கிழமையே நேரில் வந்து, மூன்றாம் நம்பர் சட்டியைச் சோதித்தார். வால்வுக்கு ஒட்டுகிற சீல் டேப்பைப் பையிலிருந்து எடுத்தவர், தமீம் பாயைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். "நீதான் இருக்கிறாயே," என்று இந்தியில் சொன்னார். தாராவித் தோல் கிடங்கில் இரண்டு வருஷம் இருந்த தமீம் பாய்க்கு அந்த அளவு இந்தி புரியும். சனிக்கிழமை ஓய்வு நாளைக் கழிக்க ஆய்வாளர் சென்னை லாட்ஜுக்குப் போய்விட்டார். ஞாயிறு காலை ஒன்பதுக்கு வந்து கொதிக்கவைத்தால், சாயங்காலம் சரக்கு முடியும். திங்கள் எல்லாருக்கும் பொங்கல். செவ்வாய் விடிந்ததும் கண்டெய்னர் துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை தமீம் பாய்க்குப் பழவேற்காட்டில் ஒரு நிச்சயதார்த்தம். சட்டி அறைக்குப் போடவேண்டிய பூட்டு அவர் டிராயரிலேயே கிடந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது தொழிற்சாலையில் சமத்துவப் பொங்கல் விழா முடிந்து மிச்சம் மீதி விநியோகம் நடந்துகொண்டிருந்தது. கேண்டீன் செண்பகம் தொன்னையில் ஒரு கரண்டி வைத்து நீட்டினார்.

"நல்லாக்கீதும்மா. நெய்தான் கொஞ்சம் கம்மி."

"இருநூறு பேருக்கு ஆக்கினது பாய். அதுவும் நடுவுல கேஸு தீந்து பூடுச்சி. பேஜாராப் போச்சு."

"அப்பறம் எப்படி ஆக்கின?"

"எல்லாம் உன் மூணாம் நம்பர் சட்டிலதான். பாய்லர் பார்த்திபன்தான் ஸ்டீம் தொறந்து உட்டான். தேய்ச்சித் தேய்ச்சி கண்ணாடியாட்டம் வெச்சிருந்தியே, வேற எதுல ஆக்கறது? சும்மா சொல்லக்கூடாது, அடியே புடிக்கல."

தமீம் பாய் தொன்னையை அங்கேயே வைத்துவிட்டுச் சட்டி அறைக்கு ஓடினார்.

சட்டியை அவர்கள் நன்றாகவே கழுவினார்கள். ஐந்து மணிக்குக் கடைசியாக வெந்நீர் ஊற்றி அலசினார்கள். அதாவது இருபத்துநாலு மணி நேரக் கணக்கு அந்த ஐந்து மணியிலிருந்து மறுபடி தொடங்குகிறது. ஞாயிறு மாலைதான் கொதிக்கவைக்கலாம், அது ஆறி அடங்க இரவாகிவிடும். சரக்குத் திங்கள் முழுக்க ஓடும். பாய்லருக்கு லைசென்ஸ் உள்ளவர்கள் இரண்டு பேர். ஒருவர் லீவில் வேலூர் போயிருந்தார். இன்னொருவர் பார்த்திபன். கார்த்திகையில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஊத்துக்கோட்டைப் பக்கம் மாமனார் வீட்டில் தலைப்பொங்கல்.

தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் காயத்ரி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "பாய், அதுல இருந்தது என்ன? அரிசி, வெல்லம், நெய். விஷமா?"

"விஷமில்ல மேடம். விஷமா இருந்தா டெஸ்ட்ல தெரிஞ்சிடும். இது எந்த டெஸ்ட்லயும் தெரியாது. அதான் தொல்ல."

"தெரியாதுன்னா விட்டுடுங்களேன். அந்தப் பையன் முதல் பொங்கல்."

இதைத்தான் அவராலும் தாண்ட முடியவில்லை. பதிவேட்டில் 'கடைசியாகச் சூடேறிய நேரம்' என்ற கட்டத்தில் வெள்ளிக்கிழமை காலை என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. ஞாயிறன்று கீழே ஒரு கையெழுத்துதான் பாக்கி. கேட்கலாமென்றால் சனிக்கிழமை. இருட்டிய பிறகு போட்டுப் பார்த்தபோதும் ஆய்வாளரின் போன் அணைந்தே கிடந்தது. சந்தேகம் வருகிற ஒரே நாளில் கேட்க ஆளில்லாத மார்க்கம் இது என்று அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஞாயிறு காலை போகிப் புகையில் சிப்காட்டே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் வந்து, சட்டியின் உட்புறத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பதிவேட்டை நீட்டினார்கள். சுற்றிலும் ஆறு பேர். தமீம் பாய் பேனாவை வாங்கி, வெள்ளிக்கிழமையை ஒரே கோடாக அடித்துவிட்டு, 'சனி, மாலை 5.00' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வாளர் படித்தார். "என்ன சமைத்தீர்கள்?"

"பொங்கல்."

"யார்?"

"அறைய நான் பூட்டல சாப். அத எழுதிக்குங்க."

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஐந்து மணி," என்று சொல்லி ஒரு நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் வரையில் விஷயம் முடிந்துவிட்டது.

பார்த்திபனுக்கு முடியவில்லை.

"இன்னா பாய் நீ! எந்த ஊர்லயோ எவனோ பண்டிக கொண்டாடணும்னு என் பண்டிகைய காவு குடுத்துட்டியே! ஒரு கையெழுத்து போட்டா செத்தா பூடுவ?"

"ஸ்டீம தொறந்தது நீதானடா," என்றார் சின்னதுரை.

"பொங்கலு ஆக்கத்தான தொறந்தேன், சாராயமா காய்ச்சினேன்? மாமனாரு தெருவையே அழைச்சி வெச்சிக்கிறாரு. மாப்ள வரலன்னா என் பொண்டாட்டி அங்க தல நிமிந்து நடக்க முடியுமா?"

சூழ்நிலையைத் தணிக்கலாம் என்று சின்னதுரை நினைத்தார் போலும். "வுடு பார்த்தி. ரப்பி பாய், உங்க ஆளுங்களுக்குப் பாவ மன்னிப்புப் பண்டிகன்னு ஒண்ணு இருக்குதாமே. அன்னிக்கி ஒரு நோம்பு இருந்துடு, சரியாப் பூடும்."

"சரியாவாது," என்றார் தமீம் பாய். கிண்டலென்று அவருக்கு உறைக்கவே இல்லை. "அந்த நோம்பு மேல இருக்கறவனுக்குச் செஞ்ச தப்புக்குத்தான். மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசனாண்டதான் போயி கேக்கணும். மேல இருக்கறவன் அதுல தலையிட மாட்டான். ஒரு தபா இல்ல, மூணு தபா போயி கேக்கணும்."

"என்னாண்ட கேக்காத. நான் தரமாட்டேன்," என்றான் பார்த்திபன்.

"உன்னாண்ட அப்பறம் கேக்கறேன். உன் மாமனாரு நம்பரு சொல்லு."

பார்த்திபன் சுவரைப் பார்த்துக்கொண்டு நம்பரை ஒவ்வொன்றாகத் துப்பினான். எல்லாரும் பாய்லர் கொட்டகையின் பின்பக்கம் போனார்கள்.

"சடையப்பன் ஐயாங்களா? நான் பார்த்திபன் கம்பெனி சூப்பர்வைசரு தமீம் அன்சாரி பேசறேன். மாப்ள நாளிக்கி வரமுடியாதுங்க. தப்பு அவன்து இல்ல, என்னுது…"

"நீ யார்யா நடுவுல? மாப்ள வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டு சடையப்பன் போனை வைத்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் அது கேட்டது.

இரண்டாவது தடவை மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பார்த்திபன் கையை நீட்டி, "குடு பாய், நானே சொல்லிக்கறேன்," என்றான்.

தமீம் பாய் தரவில்லை. மறுபடியும் நம்பரை அழுத்தினார். மணி அடிக்க ஆரம்பித்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு ஒரு காலால் இன்னொரு காலின் குதிகாலை மிதித்து, பாதுகாப்பு பூட்ஸ் இரண்டையும் உதறி ஓரமாகத் தள்ளிவிட்டு, யார் வீட்டு வாசலிலோ நிற்பவரைப்போல வெறுங்காலோடு நின்றார்.