மீனம்மா வாங்காத சீட்டு

இலங்கையில், திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில், அழகனைப் போல் மட்டம் பார்த்துத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட ஆளில்லை என்று அவனுடைய அக்கா மீனம்மா சொல்லாத நாளில்லை.

1956இல், ஐம்பத்திரண்டு வயதில், அழகன் வெட்டி முடித்த நிரைக்கே மறுபடி கத்தியோடு போய் நின்றான். பிறகு இரண்டு தரம், லயத்து வீட்டு வரிசையில் அடுத்திருந்த ராக்காயியின் காம்பிராவுக்குள் நுழைந்து, தன் வீடென்று உட்கார்ந்துவிட்டான்.

"என்னக்கா, தம்பிய எனக்கே எழுதிக் குடுத்திட்டீங்களா? வந்து சோறு கேக்குறாரு!" என்று ராக்காயி சிரித்தாள். லயமே சிரித்தது.

"ஒன் சோத்தத் திங்கிற அளவுக்கு எந்தம்பி கெட்டுப் போகல."

தோட்டத்து மருந்துக்காரர் ஞானரட்ணம் மட்டும் சிரிக்கவில்லை. "இது கிறுக்கு இல்லம்மா. நெனவு தேயிற நோய். சிலருக்கு வயசாகுமுந்தியே தொடங்கிரும். பிரஜாவுரிமை விசாரணை வருதே, ஒரு சீட்டு எழுதித் தாரேன், அங்க காட்டுங்க."

"எங்க குடும்பத்துல அப்படி யாருக்கும் இல்லீங்கய்யா." வாங்காமலே வந்துவிட்டாள்.

அதற்குப் பதிலாக ஒரு மாதம் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். இந்தியாவிலிருந்து எந்த வயதில் வந்தது, எந்தத் தோட்டம், எத்தனை வருடம், இனி எங்கே வாழ்வது. அதே வரிசையில் கேட்டால் அவன் பிழையில்லாமல் சொன்னான்.

விசாரணையன்று அதிகாரி கடைசிக் கேள்வியை முதலில் கேட்டார். "இனி எங்கே வாழப்போறீங்க?"

"ஊருக்குப் போயிருவேங்கய்யா. அம்மா தனியா இருக்கு. மழை விட்டதும் கப்பலேறணும்."

அம்மாவைத் தோட்டத்திலேயே புதைத்து இருபத்தொரு வருடம் ஆகிறது. குழியில் முதல் மண் போட்டவன் அழகன்.

அதிகாரி மீனம்மாவைப் பார்த்தார். "இவருக்குப் புத்தி சரியாத்தானே இருக்கு?"

வாசலில் ராக்காயியும் லயத்து ஆட்கள் நாலு பேரும் முறை காத்து நின்றார்கள். மீனம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஒரு கொறையும் இல்லீங்கய்யா."

அதையும் எழுதிக்கொண்டார்.

நாலு மாதத்தில் கடுதாசி வந்தது. நாட்டில் நிலையாக வாழும் எண்ணம் தனக்கில்லை என்று மனுக்காரர் தெளிந்த புத்தியோடு சொன்னதால் மனு தள்ளப்பட்டது. மீனம்மாவின் மனு முந்திய மாதமே ஏற்கப்பட்டிருந்தது.

கடுதாசியோடு ஞானரட்ணத்திடம் ஓடினாள். "இப்ப அந்தச் சீட்டத் தாங்கய்யா."

"தாரேன். ஆனா கொறையில்லன்னு நீங்க சொன்னது அங்க எழுத்துல இருக்கேம்மா."

அவள் வீடு திரும்பியபோது அழகன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். "அக்கா, விசாரணைக்கு நேரமாச்சே. ஒருக்காக் கேளு."

அவள் கேட்கவில்லை. அவனாகவே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கடைசிக்கு வந்தான். "இந்தத் தோட்டத்துலதாங்கய்யா இருப்பேன். எங்கம்மாவைப் புதைச்ச மண்ணு இது."

அவள் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு சொல் பிசகவில்லை.