மாதாவுக்குக் கண் திறந்த தனபாலன்

ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த அங்கம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவள் கலஹாவில் வாழ்க்கைப்பட்டாள். அடுத்தவன் கொழும்புக்குப் போனவன், போனவன்தான். நடுவில் இரண்டு பேர் தோட்டத்தோடு நின்றுவிட்டார்கள். கடைக்குட்டி தனபாலன். அங்கம்மாவின் அண்ணன் மூக்கையா அம்மன் கோயில்களுக்கு வர்ணம் பூசுகிறவர். அவருடைய கை மருமகனுக்கு வந்தது. சொந்தப் பிள்ளைகளுக்கு வந்தது அவருடைய கோபம் மட்டும்.

தனபாலன் இப்போது கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறான். பெண்சாதி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் சிந்துஜா, மருந்துக்கடையில் வேலை. அவன் வரைவது அம்மனை அல்ல, மாதாவை. மடவளை ரஸீன் கண்டி டவுனில் படக்கடை வைத்திருக்கிறார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்காரர்கள் வரைந்த மாதா படங்களை அவர் போனில் அனுப்புவார். தனபாலன் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து, எண்ணெய்ச் சாயத்தில் துணிமேல் அப்படியே இறக்கிவிடுவான். வரைகிறவன் சைவம், விற்கிறவர் இஸ்லாம், வாங்குகிறவர்கள் மாதா கோயில் வேதக்காரரும் ஹோட்டல்காரரும். அதுவரை யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை இருந்தது. அதைப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். "உருவம் எங்களுக்கு ஆகாது அண்ணே. அதால நான் முகத்தைப் பாக்கமாட்டேன், படச் சட்டத்தை மட்டுந்தான் பாப்பேன்" என்பார் ரஸீன். ஹோட்டலில் படுக்க வருகிறவர்கள் சுவரையா பார்க்கிறார்கள்?

சிந்துஜாவுக்கும் அம்பிட்டியச் சுமனுக்கும் மனம் ஒத்துப்போனது. சுமன் வேதக்காரப் பையன். அவன் தாய் மரிஸ்டெல்லா குட்டையான மனுஷி, வாக்கு மட்டும் நெட்டை. "பொண்ணு வீட்டுல நம்ம வேதத்துக்கு மரியாதை இருக்கான்னு பாக்கணும். அவ அப்பா பெரிய பெயின்டராமே? எங்க ஜெப அறைக்கு அவர் கையாலே ஒரு மாதா வரையட்டும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். ரபாயேல் என்பவர் வரைந்த மாதாவின் படத்தையும் மகனிடம் கொடுத்தனுப்பினாள்.

தனபாலன் ஒரு மாதம் உழைத்தான். நீலச் சால்வை, பிள்ளையின் மடிப்புக் கால், எல்லாம் அச்சு. கண்ணை மட்டும் வெறுமனே விட்டுவைத்தான். மூக்கையா மாமன் வழியில் கண் எப்போதும் கடைசி. வெள்ளிக்கிழமை விரதமிருந்து, விடியலில் தலை முழுகி, முதல் பார்வை தன்மேல் விழாதபடி முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே நிறுத்திக் கண்ணைத் திறந்தான். திறந்தால் திறந்ததுதான். அகலமாக, நேராக, வந்தவர்களைப் பார்க்கிற கண். ரபாயேலின் மாதா கீழே பார்த்துக்கொண்டிருந்ததை அவன் காணாமல் இல்லை. அந்த ஆளுக்குக் கண் திறக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு மாமன் இல்லை போல என்று நினைத்துக்கொண்டான்.

அம்பிட்டியவில் உறையைப் பிரித்ததும் மரிஸ்டெல்லா இரண்டடி பின்னால் போனாள்.

"ஐயோ, மாதா முழிக்கிறாவே!"

"முழிக்கல சம்மந்தி, பாக்குறா."

"சம்மந்தியெல்லாம் இன்னும் ஆகல. மாதா பிள்ளையைத்தான் பாக்கணும். அதுதான் தாழ்மை."

"பிள்ளையையே பாத்துக்கிட்டிருந்தா, கும்பிட வந்தவங்கள யாரு பாக்குறது?"

அவள் இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள், வலப்பக்கம் போய்ப் பார்த்தாள். "எங்க போனாலும் விடமாட்டேங்கிறா! பெயின்டர் ஐயா, இந்தக் கண்ணத் தாழ்த்திக் கொண்டாங்க. இல்லாட்டி இந்தப் பேச்சே வேணாம்."

படம் பஸ்ஸில் வீடு திரும்பியது.

"ரெண்டு இமைதானே அப்பா, பூசி விட்டுடுங்க" என்றாள் சிந்துஜா.

"திறந்த கண்ண மூடுறதும் ஒரு உயிரக் கொல்றதும் ஒண்ணு."

"மாதா கண்ணு பெருசா, என் கல்யாணம் பெருசா?"

மகள் அழவில்லை. சோற்றுப்பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பான். மூன்று தடவை தூரிகையில் சாயம் தொட்டான். மூன்று தடவையும் மாதா அவனையே பார்த்தாள். தூரிகையைத் துடைத்துவிட்டு ரஸீனிடம் போனான்.

அது லுஹர் என்கிற மதியத் தொழுகை நேரம். ரஸீன் கடையின் உள்ளறையில் பாய் விரித்தார். தொழுமுன் சுவரிலிருந்த படங்களின்மேல் ஒரு பழைய விரிப்பை இழுத்து மூடினார்.

"இது எதுக்கு, ரஸீன் நானா?"

"உருவத்துக்கு முன்னால தொழக்கூடாதே. அதுங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு."

தனபாலன் அந்த விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். கதிர்காமத்தில் திரைக்குப் பின்னால் இருக்கிற முருகனை யார் கண்டார்கள்? திரையில் வரைந்த முருகனைத்தானே ஊரெல்லாம் கும்பிடுகிறது! ரஸீன் தொழுது முடிப்பதற்குள் அவன் துணிக்கடையில் நின்றான்.

நாலு நாளில் வேலை முடிந்தது. மெல்லிய துணியில் அதே மாதா, ரபாயேல் வரைந்தபடியே கண் தாழ்ந்து. அதற்கு விரதமில்லை, கண்ணாடியும் இல்லை. கீழே பார்க்கிற கண்ணுக்குக் கண் திறப்பு எதற்கு? படச் சட்டத்தின் மேலே கம்பி கட்டி, வளையம் கோத்து, முதல் மாதாவை மறைத்துத் திரையாகத் தொங்கவிட்டான்.

அம்பிட்டியவில் மரிஸ்டெல்லா நெடுநேரம் பார்த்தாள். "இப்பதான் மாதா. அச்சா அப்படியே." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "பின்னால?" என்றாள்.

"பின்னால அவ இருக்கா. நீங்க பாக்கத் தேவையில்ல."

"நான் ஏன் பாக்கப்போறேன்? மூடியே கிடக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாதா கோயிலில் விவாக அறிவித்தல் வாசித்தார்கள். தையில் கல்யாணம். ரஸீன் குடும்பத்தோடு வந்தார், படத்தின் சட்டத்தை மட்டும் பார்த்துப் பாராட்டினார்.

ஆறு மாதம் போயிருக்கும். மகளைப் பார்க்கத் தனபாலன் அம்பிட்டிய போனான். சிந்துஜா வேலைக்குப் போயிருந்தாள், சுமனும் இல்லை. மரிஸ்டெல்லாவின் இளைய மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைக்காமல் இழுபடுவதாகக் கேள்வி. அவள் தேத்தண்ணியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். உட்காராமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"என்ன விஷயம், சொல்லுங்க" என்றான் தனபாலன்.

"ஒண்ணுமில்ல சம்மந்தி. அந்தத் திரை வளையம் கிரீச்சுனு சத்தம் போடுது. விடியக்காலையில மகனும் மருமகளும் எழும்பிடுதுங்க. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுட்டுப் போங்க."

மூடியே கிடக்கிற திரை எப்படிச் சத்தம் போடும் என்று தனபாலன் கேட்கவில்லை. எண்ணெய்ப் போத்தலைக் கேட்டு வாங்கினான். கொடுக்கும்போது மரிஸ்டெல்லா கண்ணைக் கீழே தாழ்த்திக்கொண்டாள், அச்சாக ரபாயேலின் மாதாவைப் போல.