கிளட்ச் இல்லாத காரும் கொடைக்கானல் இறக்கமும்

திண்டுக்கல்லில் நான் ஓட்டாத கார் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். இன்று சொந்தமாக நான்கு டாக்சி விட்டிருக்கிறேன். ஒரு காரில் ஏற்றத்தில் கியர் நழுவும், இன்னொன்றில் கியரின் பல் உடையும். எல்லாவற்றையும் கைப்பழக்கத்தால் சமாளித்தவன் நான்.

தோல் வியாபாரி ராவுத்தர் ஓர் அமெரிக்கக் கார் வாங்கினார். அதில் கிளட்ச் இல்லை. கியர் தானாகவே மாறும். அதை என்னைத் தவிர யாரிடமும் நம்பிக் கொடுக்கமாட்டார். அவரையும் அவர் மனைவியையும் கொடைக்கானலிலிருந்து அழைத்து வரும்போது, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று எங்கள் டிரைவர்கள் வழக்கப்படி கியரை விடுவித்து நியூட்ரலில் இறக்கினேன். கனமான வண்டி. சற்று நேரத்தில் பிரேக் தீய்ந்து நாறியது. எதிரே கொண்டை ஊசி வளைவு.

"அப்பு, என்ன இம்புட்டு வேகம்?" என்றார் ராவுத்தர்.

"பிரேக் பிடிக்கலை மொதலாளி."

பின்னாலிருந்து அவர் மனைவி அலறினார்: "அந்தக் குச்சியை லோவுல தள்ளுங்க! வண்டியை வித்த ஆளு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல!"

கியர்க் குச்சியை லோவில், அதாவது முதல் கியரில், தள்ளினேன். கியர்ப்பெட்டி ஓர் உறுமல் உறுமி வண்டியை இழுத்துப் பிடித்தது. நடக்கிற வேகத்தில் வளைவைத் திரும்பினோம். இறங்கி வந்த வேகத்தில் என் டாக்சியில் முதல் கியர் போட்டிருந்தால் பல் தூளாகியிருக்கும். இந்தப் பெட்டியோ இன்றுவரை முனகியதில்லை. அப்படி ஒரு வேலைப்பாடு!

இப்போது என் டிரைவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன்: "பெட்ரோல் போனாப் போகுது. எறக்கத்துல நியூட்ரல் போட்டா, சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."