கிடங்கில் இருந்த வீடு

பட்டாளத்தில் அவருக்குப் பாலம் கட்டும் வேலை. ஆற்றின் குறுக்கே இரும்புத் துண்டுகளைப் பூட்டுவார்கள். வண்டிகள் எல்லாம் கடந்ததும் அதே துண்டுகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடுவார்கள். ஓய்வு பெற்று மாமனார் வீட்டு மாடியில் வந்து இறங்கியபோது தெருவில் யாரோ அவரைப் 'பாலக்காரர்' என்று சொல்ல, அந்தப் பெயர் நாலு வீடு தாண்டுவதற்குள் 'பால்காரர்' ஆகிவிட்டது. மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மாள் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"நாளையிலேருந்து எங்களுக்கும் ஒரு லிட்டர் ஊத்துங்க. தண்ணி கலக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவருடைய மனைவி கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதம் தங்கப் போகிற தெருவில் பெயர் எதற்கு என்று நினைத்தார்.

ஒரு மாதம் என்பதுதான் ஏற்பாடு. மலையடிவாரத்து ஊர் ஒன்றில், சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு அவர்கள் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார்கள். அதற்கு வெள்ளையடித்து முடிக்கிற வரைக்கும் மாமனார் வீட்டில் இருப்பது, பிறகு கிளம்பிவிடுவது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது கட்டில், பீரோ, தையல் மிஷின், மகள் சின்னவளாக இருந்தபோது உட்கார்ந்து படித்த மேசை எல்லாவற்றையும் மரப்பெட்டிகளில் அடைத்து ராணுவக் கிடங்கில் விட்டாயிற்று. ஓய்வு பெறுகிறவர் கடைசியாக எந்த ஊரில் குடியேறுகிறாரோ அந்த ஊருக்கு வீட்டுச் சாமானை ஒரு முறை ராணுவமே கொண்டுபோய் இறக்கித் தரும். அதற்கு ஒரு வருடம் கெடு. வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இருந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளையடிப்பு முடிவதற்குள் மாமனார் குளியலறையில் விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் போய்விட்டன.

மாமனாருக்கும் அவருக்கும் என்றைக்குமே ஆகாது. "பொண்ணை நான் ஒரு சூட்கேஸுக்குக் கட்டிக் குடுத்தேன்" என்று கல்யாணமான புதிதில் மாமனார் தன் நண்பர்களிடம் சொன்னது மாப்பிள்ளையின் காதுக்கும் வந்திருந்தது. இப்போது அந்தப் பெரியவரின் வாயில் பாதிச் சொற்கள் குழறின. ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது. மாப்பிள்ளை அறைக்குள் வரும்போதெல்லாம் அவரை ஏற இறங்கப் பார்த்து, "எப்போ?" என்பார்.

"இதோ மாமா, சீக்கிரமே" என்று இவரும் சொல்வார். யார் எதைக் கேட்டார்கள், யார் எதற்குப் பதில் சொன்னார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

மச்சான் வெளிநாட்டில் இருந்தான். போனில் அழுவான், வர முடியவில்லை என்பான். ஆகவே மனைவிதான் எல்லாம். காலையில் உடம்பு துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது. பெரியவர் நல்ல கனம். தனி ஆளாகத் தூக்க முடியாது. இவர் தோளைப் பிடிக்க, அவள் இடுப்பைப் பிடிக்க, இருவருமாக "ம், தூக்கு" என்று மூச்சைப் பிடித்துத் தூக்குவார்கள்.

தூக்கிவிட்டால் அவருக்கு அடுத்த வேலை இல்லை. அதுதான் கொடுமை. காலில் சக்கரம் கட்டிய மனிதரை இரண்டு அறைக்குள் போட்டு அடைத்தால் என்ன ஆகும்? விடியுமுன் எழுந்து ரயில் நிலையம் வரை நடப்பார். வண்டி வருவதைப் பார்ப்பார், போவதைப் பார்ப்பார், திரும்பி வருவார். மாடிப்படியின் கைப்பிடியைக் கழற்றி மாட்டினார். ஆடாத நாற்காலிக்கு ஆப்பு வைத்து அதை ஆட வைத்தார். மலையடிவாரத்து வீட்டின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்தார். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அதைத் துழாவுவார்.

"என்னங்க, அந்தச் சாவி தேஞ்சே போயிடும்" என்பாள் மனைவி.

"தேஞ்சாலும் பரவாயில்லை. பூட்டு துருப்பிடிக்காம இருந்தா சரி."

ஒரு வருடம் முடிந்தபோது விண்ணப்பம் கொடுத்து ஆறு மாதம் நீட்டிப்பு வாங்கினார். அந்த ஆறு மாதமும் முடியப் போகிற வாரத்தில் பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தும் எழுந்தும் நடந்தும் நாட்கள் போயின. பெரியவர் பிழைக்கவில்லை. மச்சான் வந்தான், அழுதான், போனான். எல்லாம் ஓய்ந்து ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குத் தேதி உறைத்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்.

இடமாற்றப் பிரிவு அலுவலகத்தின் கவுண்டரில் மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை. கோப்பைப் புரட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

"காலாவதி ஆயிடுச்சே சார்."

"மூணு வாரம்தானே ஆச்சு?"

"மூணு நாள் ஆனாலும் காலாவதி காலாவதிதான். இனி நீங்களே லாரி பிடிச்சு எடுத்துக்க வேண்டியதுதான்."

"வீட்டுல சாவு. ஆஸ்பத்திரியில இருந்தோம்."

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"மாமனாருக்கு."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு, உங்க மனைவிக்கு, இல்லை பிள்ளைக்கு முடியலைன்னா விதியில இடம் இருக்கு. மாமனாருக்கு இல்லையே." பிறகு சன்னலருகே முகத்தைக் கொண்டுவந்து குரலைத் தணித்தார். "வீட்டம்மாவுக்கு முதுகுவலி, கால்வலின்னு ஏதாவது இருக்குமே? பயணம் செய்ய முடியாத நிலைமைன்னு ஒரு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. ஒரே வாரத்துல முடிஞ்சிடும்."

அவர் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டார். பட்டாளத்தில் உடன் இருந்த டாக்டர் ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். ஒரு போன் போதும். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். மனைவி அப்பாவின் கட்டிலைப் பிரித்து வைத்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என்ன வியாதின்னு எழுதப் போறாரு?"

"ஏதோ ஒண்ணு. முதுகு."

"என் முதுகு நல்லா இருக்கு. ஒன்றரை வருஷம் எங்கப்பாவைத் தூக்கின முதுகு."

"ஒரு காகிதம்தானே? அதுல என்ன எழுதினா நமக்கென்ன? லாரி வரணும், போகணும். எனக்கு இங்க மூச்சு முட்டுது."

அவள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். கோபம் வந்தால் அவள் குரல் உயராது, இறங்கும்.

"உங்களுக்கு எங்கே இருந்தாலும் ஒரு வருஷத்துல மூச்சு முட்டும். அது எனக்குப் பழகிப் போச்சு. ஆனா நான் ஒன்றரை வருஷம் என்ன செஞ்சேன்னு யாராவது கேட்டா, படுத்துக் கிடந்தேன்னு பதில் போகக் கூடாது. எங்கப்பாவைப் பார்த்துக்கிட்டேன். அதை எழுதுங்க."

"அதை எழுதினா தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும்."

இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. ரயில் நிலையத்துக்குக் காலையும் மாலையும் போனார். டாக்டரின் தெருமுனை வரைக்கும் ஒரு முறை போய், அங்கே கடையில் தேவையில்லாமல் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். மூன்றாம் நாள் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதினார். தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு செய்தார். அதற்குப் பதிலே வரவில்லை. அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். வாட்ச்மேன் அவரைக் கண்டால் நாற்காலியை நகர்த்திப் போடுவார், அவர் உட்கார மாட்டார். "நின்னா கோப்பு வேகமா நகருமா சார்?" என்று வாட்ச்மேன் ஒரு நாள் கேட்டே விட்டார்.

கடைசியில் குழு முன்னால் வரச் சொல்லி அழைப்பு வந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் சட்டப் பிரிவு அதிகாரி அம்மா, ஒரு பக்கம் நரைமீசைக் கர்னல், மறுபக்கம் தலையே நிமிராத கணக்கு அதிகாரி. மனைவியும் கூட வந்திருந்தாள்.

அவர் பேச ஆரம்பித்தார். பாலத்துக்கு எத்தனை ஆணி என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்பவருக்கு இங்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. விதி எண்களைச் சொன்னார், மாற்றிச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார், தொப்பியை மடியில் வைத்துப் பிசைந்தார். கர்னல் பொறுமையிழந்து பேனாவைத் தட்டினார்.

"மாமனாரைப் பார்த்துக்க நர்ஸ் வைக்கலாமே? நீங்க ஊருக்குப் போய்ச் சாமானை இறக்கிட்டு வந்திருக்கலாமே?"

மனைவி எழுந்தாள்.

"நான் பேசலாமாங்க?"

அதிகாரி அம்மா தலையசைத்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க ஆபீஸ் எங்கே போகச் சொன்னாலும் நான் பெட்டி கட்டினேன். பொண்ணுக்கு அம்மை போட்டிருந்தப்பவும் கட்டினேன். எனக்கு முடியுமான்னு ஒரு தடவை யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எங்கப்பாவுக்காக ஒரே ஒரு தடவை இவரை நில்லுங்கன்னு சொன்னேன். இவர் நின்னார். அது உங்க விதியில இல்லைன்னு சொல்றீங்க. அதுக்காக நான் நோயாளின்னு எழுதிக் குடுக்க முடியாதுங்க."

கணக்கு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கர்னல் இவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் தொப்பியைப் பக்கத்தில் வைத்தார். "நானா இருந்தா ஓடிப் போயிருப்பேன் சார். இவதான் விடலை. மாமாவுக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் அவரைப் பிடிக்காது. ஆனா அவரைத் தூக்கி உட்கார வைக்க ரெண்டு பேர் வேணும். நர்ஸ் வெச்சாலும் ரெண்டு பேர் வேணும். ஒரு வேளைகூட அவரை ஈரத்துல படுக்க விடலை. அவ்வளவுதான் சார், எனக்குச் சட்டம் பேசத் தெரியாது."

அதிகாரி அம்மா எதையோ எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் அவர் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மனைவி சுவரோரம் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். "நல்லாப் பேசினே" என்றார். "நீங்களும்தான்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை என்பதால் இருவருக்குமே கூச்சமாகிப் போயிற்று.

உத்தரவு வர ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் அவர் தபால்காரரைப் படுத்திய பாட்டில், தபால்காரர் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார். வந்த உத்தரவில் இரண்டே வரி. குடும்பத்துப் பெரியவரைப் பராமரித்த காரணத்தை, கட்டுப்பாட்டுக்கு மீறிய சூழ்நிலையாகக் குழு ஏற்கிறது. உரிமை மூன்று மாதத்துக்கு மட்டும் மீண்டும் வழங்கப்படுகிறது. மனைவி முதல் வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். அவர் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு அப்போதே போனை எடுத்தார்.

மலையடிவாரத்து வீட்டின் வாசலில் லாரி வந்து நின்ற அன்று நல்ல வெயில். அவர் லாரிக்கு முன்னும் பின்னும் ஓடி, "மெதுவா, மெதுவா, அது கண்ணாடி" என்று கத்தினார். சுமை இறக்குகிறவர்களில் மூத்தவர், "நீங்க கொஞ்சம் உள்ளே போய் உட்கார்ந்தா கண்ணாடி உடையாது சார்" என்றார். பீரோவின் ஒரு கால் வளைந்திருந்தது. தையல் மிஷினில் எலி குடித்தனம் நடத்திய அடையாளம் இருந்தது. மற்றபடி எல்லாம் வந்து சேர்ந்தது. கூடுதலாக ஒன்றும் வந்தது. அவர் கட்டாத ஒரு பெட்டி. மூடியில் யாரோ ஒருவரின் பட்டாள எண்.

லாரி போய்விட்டது. அவர் பெட்டியைச் சுற்றி வந்தார். மனைவி, "கிடங்குக்குச் சொன்னா எடுத்துக்கப் போறாங்க, விடுங்க" என்றாள். அவரால் விட முடியவில்லை. பழைய நண்பர்கள் நாலு பேருக்கு போன் போட்டு, அந்த எண் ஓய்வுபெற்ற ராணுவ நர்ஸ் ஒருவருடையது என்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்து, அவரையே போனில் பிடித்துவிட்டார்.

"என் பெட்டியா?" அந்த அம்மாவின் குரலில் நம்பிக்கையே இல்லை. "அதெல்லாம் காலாவதி ஆயிடுச்சுன்னு சொல்லிட்டாங்களே, சார். ஒரு தடவை எழுதிக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. தங்கச்சிக்குக் கான்சர், அவகூடவே இருந்துட்டேன். தங்கச்சியெல்லாம் விதியில இல்லையாம். போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் காலியான ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விடாதீங்கம்மா. பேனா இருக்கா பக்கத்துல? எழுதிக்குங்க. மேல்முறையீட்டுக் குழுன்னு ஒண்ணு இருக்கு. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்களுக்கு முதுகுவலின்னு யாராவது எழுதச் சொன்னா எழுதாதீங்க."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, அடுப்பு எந்தப் பெட்டியில?"

அவர் ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிஷம் என்று காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு தானே அடுத்த பெட்டியின் மூடியை நெம்பப் போனாள்.