இஸ்மவேல் என்றுதான் கூப்பிட வேண்டும்

விசுவாசிகளே, சிரித்த முகத்தோடு சாட்சி சொல்ல நான் வரவில்லை. கோபத்தோடுதான் நிற்கிறேன். கர்த்தர் பொறுத்துக்கொள்வார், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மே மாதம் எனக்கு எட்டாவது மாதம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்டு முடிந்து வந்தால் என் துணிப்பை வாசலில் கிடக்கிறது. மாமியார் தெருவே கேட்கக் கத்தினார். "நைட் ஷிப்டு போயினு வர்றவ வவுத்துல கீறது யார் புள்ளைன்னு எனுக்கு இன்னா தெரியும்? வூட்டாண்ட வராத!"

என் புருஷன் உள்ளேதான் இருந்தார். வாயைத் திறக்கவே இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில் கூட வேலை செய்யும் பெண்களின் ரூமில் ஒண்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஓவர்டைம் போயிருந்தபோது எனக்கு உதிரம் போக ஆரம்பித்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், வர நேரமாகும் என்றார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். கொளுத்தும் வெயில். எந்த வண்டியும் நிற்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து ஜெபித்தேன். ஜெபமா அது? சண்டை. "நீர் இருக்கீரா இல்லியா? எல்லாரும் வுட்டுட்டாங்க. நீரும் வுடறதா இருந்தா இப்பவே சொல்லிடும்!"

கத்தி முடிக்கவில்லை, அதற்குள் தண்ணி கேன் வண்டி ஒன்று நின்றது. "யக்கா, இன்னாச்சு? ஏறு, ஏறு!" கேன்களை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான் அந்தத் தம்பி. அவன் பேர்கூட எனக்குத் தெரியாது.

பையன் பிறந்தான். அழவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று மறுபடியும் கர்த்தரோடு சண்டை போட்டேன். மறுநாள் வீறிட்டு அழுதான். நானும் அழுதேன்.

இஸ்மவேல் என்று பேர் வைத்தேன். எபிரெய மொழியில் 'தேவன் கேட்கிறார்' என்று அர்த்தம். எஜமானியின் கொடுமை தாங்காமல் வயிற்றுப் பிள்ளையோடு ஓடிப்போன அடிமைப் பெண் ஆகாருக்கு, வழியோர நீரூற்றில் தூதன் சொன்ன பேர். வேதத்தில் பிறக்குமுன்பே கர்த்தர் பேர் வைத்த முதல் பிள்ளை அவன்தான்.

அதற்கு உங்கள் முகம் போன போக்கு! "அது அடிமைப் பொண்ணு புள்ள பேரும்மா. சாமுவேல்னு வையேன், அதுவும் ஜெபத்துல கெடச்ச புள்ளதான்" என்றார் பாஸ்டரம்மா.

அம்மா, சாமுவேலைப் பெற்ற அன்னாளுக்குப் பக்கத்தில் அவளை நேசித்த புருஷன் இருந்தான். எனக்கு யார் இருந்தார்? இந்தச் சபையில் ஒருவர்கூட அந்த ரூமை எட்டிப் பார்க்கவில்லை. பேரை மாற்ற மட்டும் வந்துவிட்டீர்கள்.

என் தேவனுக்கு ஸ்தோத்திரம். இப்போது நான் எவருக்கும் பயப்படுவதில்லை. உங்களில் யாரையாவது வீட்டை விட்டுத் துரத்தியிருந்தால், அழகாக ஜெபிக்க வேண்டாம். கத்துங்கள். அவர் கேட்பார்.

பாஸ்டர் ஐயா, இன்று பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை. இதோ என் மகன். பேரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். செய்தி கேட்டு வந்து, கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடி என் புருஷனும், பக்கத்தில் என் மாமியாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கேட்க வேண்டும்.