கண்ணாடியில் நேராகத் தெரிந்தவள்

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்திப் பிழைத்தவன் நான்; வாத்தியாரை 'மாஷ்' என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பேயைப் பார்த்தேன் என்று சொன்ன பையனிடம், அதன் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டே அழவைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, முழுக்கக் கேட்டால் போதும்.

எழுபதுகளின் நடுவில், எலப்புள்ளியில் எங்கள் வீட்டில் நடந்தது. அப்பா போட்டோ எடுத்துக் குடும்பம் நடத்தியவர். அவருடையது மூன்று கால் மரச் சட்டத்தில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற பழைய கேமரா. அதன் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் எதிரே நிற்பவர்கள் தலைகீழாகத்தான் தெரிவார்கள். லென்சின் இயல்பு அது. அம்மா சாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு அப்பா அந்தக் கேமராவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார், பிறகு தொடவே இல்லை. காலேஜில் படிக்கும்போது ஒரு முறை காரணம் கேட்டேன். "அதுல சில பேரு நேரா தெரியறாங்கடா. உங்கம்மாளும் அப்படித் தெரிஞ்சா. வேண்டாம், உட்டுரு" என்றார். அவர் முகத்துக்கு எதிரேயே சிரித்தேன்.

அவர் போனபின் பெட்டி எனக்கு வந்தது. தங்கை சரசுவின் மகளுக்குக் காதுகுத்து என் வீட்டில் வைத்திருந்தோம், அதற்குள் கேமராவைச் சரிசெய்தே தீருவது என்று எனக்கு ஒரு வீம்பு. துருத்தி மாதிரி மடங்கி விரிகிற அதன் தோல் முழுக்க வெடித்திருந்தது. அறையை இருட்டாக்கி, உள்ளே டார்ச்சை எரியவிட்டு, வெளிச்சம் ஒழுகிய ஓட்டைகளையெல்லாம் குடைத்துணியும் கோந்தும் வைத்து அடைத்தேன். லென்சில் படர்ந்திருந்த பூஞ்சையைத் துடைத்தேன். கோயம்புத்தூர் போய் அதற்கான பிலிம் வாங்கி வந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற தென்னை கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அப்பாவை ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. தாய்மாமன் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மடியில்தான் குழந்தை இருந்தாள். அதே நாற்காலியில் நான் அவளை வைத்துக்கொண்டு உட்கார, மற்றவர்கள் பின்னால் நிற்க, அப்படித்தான் படம் எடுத்திருக்க வேண்டும். ஆனால் கேமராவை வேறொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏனுங்க மாஷ் மச்சான், நீங்க துணிக்குள்ள பூந்துக்கிட்டா தாய்மாமன் சீரு யாருகிட்டீங்க வாங்கறது?" என்று சரசுவின் புருஷன் பழனிச்சாமி கிண்டலடித்தார்.

"சீரு எங்கயும் ஓடிராதுங்க மாப்பிள்ளை. அம்மிணி, நீ புள்ளையத் தூக்கிட்டு என்ற நாற்காலில உக்காரு" என்றேன் சரசுவிடம்.

உட்கார்ந்தாள். துணிக்குள் தலையை விட்டேன்.

வரிசையாக எல்லாரும் தலைகீழாக நின்றார்கள். நாற்காலி தலைகீழ், குழந்தையும் தலைகீழ். சரசு மட்டும் நேராக இருந்தாள்.

கண்ணாடியைத் துடைத்தேன், லென்சை முன்னும் பின்னும் நகர்த்தினேன், தலையை வெளியே எடுத்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனேன். அப்படியேதான் இருந்தாள். நடுப்பகல் வெயில், வீடு முழுக்க ஆட்கள். "புள்ள அழுவுது, வெரசாப் புடிங்க மச்சான்" என்று மாப்பிள்ளை அவசரப்படுத்தினார். பிலிமைச் செருகி, வெளியே வந்து, லென்சின் மூடியைக் கழற்றி மாட்டினேன். எல்லாரும் கலைந்து போனபின் மறுபடி பார்த்தேன். காலி நாற்காலி ஒழுங்காகத் தலைகீழாகத் தெரிந்தது.

சாயங்காலம் சரசு வந்து கேட்டாள். "அண்ணா, காதுப் புண்ணு ஆறற வரைக்கும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போவுட்டுமா?"

இரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொன்னால் பார்த்ததை நான் நம்பிவிட்டேன் என்று ஆகிவிடும், அது என்னால் முடியவில்லை. "மாப்பிள்ளை லாரி உங்கூரு முதலமடைக்குச் சும்மாதான போவுது, அதுலயே போயிரு அம்மிணி" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். மாப்பிள்ளை லாரி ஓட்ட, அவள் குழந்தையோடு கதவோரம் உட்கார்ந்திருந்தாள். சித்தூர் தாண்டி ஒரு வளைவில் கதவு திறந்துகொண்டது. குழந்தையை உள்பக்கம் தள்ளிவிட்டு அவள் மட்டும் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்த நாற்காலி என்னுடையது. அதற்குமேல் யோசிக்க எனக்கு இன்றும் தைரியமில்லை.

காரியமெல்லாம் முடிந்த அன்று மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கண்ணாடியில் பார்த்ததை அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை, என் மனைவியிடம்கூட.

"லாரியில ஏறுனதுலருந்து ஒரே சிரிப்புங்க மச்சான் அவளுக்கு. போட்டோ புடிக்கறப்ப நீங்களும் பக்கத்துல இருந்தவங்களும் தலைகீழா நின்னீங்களாமா. 'உங்களுக்குத் தெரியலையா'ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. பைத்தியக்காரின்னு வஞ்சேனுங்க" என்று அழுதார்.

படத்தைக் கழுவிப் பார்த்தேன். அதில் குறை ஒன்றுமில்லை, எல்லாரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கிறார்கள். சரசு மட்டும் சிரிக்கிறாள், ஆனால் கேமராவைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என் கால் இருந்த இடத்தில், மண்ணை ஒட்டி, ஒரு முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரிக்கிறாள்.